பிப்ரவரிச் செர்ரி

யோகொதே, அகிதா
20 ஜனவரி 1979

அன்புத் தங்கை ரீட்சுகோவுக்கு,

கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் சன்னலைத் திற, வெளியே என்ன பருவமோ அதை எழுது, அப்புறம்தான் சங்கதி என்று அம்மா நம் இருவரையும் பழக்கிவிட்டாள். திறந்து பார்த்தேன். சன்னலில் பாதி உயரத்துக்குப் பனி. உடனே மூடிவிட்டேன். முழங்கால் மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது, மற்றபடி சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரர் சதாவோ சுகமா? குடைப் பட்டறை நன்றாக ஓடுகிறதா?

புத்தாண்டுக்கு நீ அனுப்பிய கறுப்பு வெல்லம் வந்தது. நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வெல்லம் சுற்றியிருந்த தாள். நீலக் கடல், நடுவில் வெள்ளையாக ஒரு மணல்திட்டு, கீழே ‘மினாமியா கடை, யோரோன் தீவு’ என்று அச்சடித்திருக்கிறது. சுருக்கம் போக இஸ்திரி போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

வருகிற மார்ச்சோடு பள்ளிச் சமையல்கூடத்தில் என் வேலை முடிகிறது. முப்பத்தோரு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு பொங்கியாயிற்று. கடலில் மட்டும் இதுவரை கால் நனைத்ததில்லை. நம் பக்கத்துக் கடலைத் தூர நின்று பார்க்கலாம், இறங்கினால் கால் விறைத்துவிடும். அதனால் ஜூலையில் அந்தத் தீவுக்குப் போக முடிவு செய்திருக்கிறேன். நான்கு நாள். பாதி நாள் கடல், பாதி நாள் கடைத்தெரு. நீயும் வருகிறாய். அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள் நீ, பதினொரு வருஷமாக உன் முகத்தையே நான் பார்க்கவில்லை.

வெளியூர் போனவள் வெறுங்கையோடு திரும்பினால் இந்த ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாததில்லை. இப்போதே வாங்கிவர வேண்டியவர்கள் பட்டியலில் ஒன்பது பேர். தெற்கு உனக்குப் பக்கம்தானே, விசாரித்து எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
மிட்சுயோ

*

ஒசாகா
11 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

ராத்திரி அடித்த காற்றில் செர்ரிப் பூக்கள் விழுந்து வாசலெல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது. இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாகவே விழுகின்றன. பெருக்க மனம் வராமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். உன் முழங்காலுக்கு இஞ்சி ஒத்தடம் கொடுத்தாயா? நான் நலம். அவரும் நலம். பட்டறையில் வேலை மும்முரம்.

உன் கடிதம் என் கைக்குக் கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அக்கா, அந்தத் தீவு வேண்டாம். ககோஷிமாவிலிருந்து கப்பலில் இருபது மணி நேரம். வாந்தி எடுத்தே பாதி உயிர் போய்விடும். கடைத்தெரு என்பது ஒரே ஒரு தெரு. பன்னிரண்டு அடித்தால் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள், இரண்டரைக்குத்தான் திறப்பார்கள். மணல் துணியில் ஏறினால் மூன்று அலசலுக்கும் போகாது. கீழ்வீட்டு நொகாமியம்மா போன வருஷம் போய்விட்டு வந்து சொன்னது இதெல்லாம். வெல்லம் நான் இங்கே பெரிய அங்காடியில் வாங்கியது.

ஷிராஹாமா போகலாமே? கடலும் இருக்கிறது, வெந்நீர் ஊற்றும் இருக்கிறது, உன் முழங்காலுக்கு நல்லது. யோசித்து எழுது. பனியில் வழுக்கி விழுந்துவிடாதே, பார்த்து நட.

உன் தங்கை
ரீட்சுகோ

*

யோகொதே
14 மார்ச்

அன்பு ரீட்சுகோவுக்கு,

சன்னல் முழுசாக வெளியே வந்துவிட்டது. கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகியும் பதில் போடவில்லை. வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். எடுத்து எடுத்து வைத்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. முதல் வரியை மட்டும் பல தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

போன மாதம் பிள்ளைகள் வழக்கம்போலப் பனிக்குடில் கட்டி உள்ளே விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் போனவளைக் கூப்பிட்டு, சூடாக இனிப்புக் கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு பேர் உட்காரும் பாயில் நான் ஒருத்தி உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.

ஷிராஹாமா வேண்டாம். சுவரில் இருக்கிற இடத்துக்குத்தான் போவேன். நொகாமியம்மா கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார் போலிருக்கிறது, கடை திறக்கிற நேரம் வரைக்கும் மனப்பாடம். அவரிடமே கேட்டு எழுது: எந்தக் கடலில் எப்போது இறங்கலாம், எதை எங்கே வாங்கலாம், யாரிடம் ஏமாறக் கூடாது. பட்டியல் பதினாலு ஆகிவிட்டது. கூரைப் பனி தள்ளிக் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்க்காமல் விட முடியுமா? கோயில் பூசகர் சம்சாரம் தனக்குத் தொப்பிதான் வேண்டுமென்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நலம் என்று எழுதியிருந்தாய். படித்தேன். உண்மையில் எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஒசாகா
6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒசாகாவில் செர்ரி இப்போதுதான் மொட்டு விரிக்கிறது. ஆற்றங்கரையில் ஜனங்கள் பாய் விரித்து இடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் நன்றாகவே இருக்கிறேன், கவலைப்படாதே. சமையல்கூடத்துப் பெண்கள் உன்னை எப்படி வழியனுப்பினார்கள்? நீ அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

சரி, உன் பிடிவாதம் வென்றது. தீவுக்கே போகலாம். நொகாமியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தாளில் இருக்கிற மணல்திட்டு எப்போதும் வெளியே தெரியாது. நீர் நன்றாக வற்றுகிற நாட்களில் மட்டும் மதியத்தை ஒட்டிச் சில மணி நேரம் கடல் நடுவே எழும்பும். படகில் போய் இறங்க வேண்டும். அந்தத் தேதி பார்த்துத்தான் கப்பல் ஏற வேண்டும், ஜூலை இரண்டாம் வாரம் சரியாக வரும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், உன் முழங்கால் ஒன்றும் சொல்லாது.

துறைமுகத்து வாசலில் விற்கிற சிப்பி மணிகளை வாங்காதே. நூலில் கோத்தவை, நீ ஊர் போய்ச் சேருமுன் அறுந்துவிடும். உள்ளே தெருவில் நைலான் நரம்பில் கோத்தது கிடைக்கும். நட்சத்திர வடிவ மணல் அடைத்த குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார், பாதிக்குமேல் சாதா மணலாக இருந்தால் வைத்துவிடு. பூசகர் சம்சாரத்துக்குத் தாழை ஓலைத் தொப்பி வாங்கலாம். அதை மடிக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொண்டேதான் ஊர் வரவேண்டும். வெல்லம் வாங்குகிற நாள் கடைசி நாளாக இருக்கட்டும், ஈரக்காற்றில் இளகிவிடும். சாயந்திரம் கடையடைக்கும் நேரத்தில் மேற்கே வானம் ஒரு நிறத்துக்கு வரும். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ பார்த்தால் போதும்.

நீ வருகிறாய் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ரீட்சுகோ

*

யோகொதே
29 ஏப்ரல்

அன்பு ரீட்சுகோவுக்கு,

நம் ஊர் செர்ரி நேற்றுதான் பூத்தது. கோட்டைக் குன்று முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. ஒரு காற்று அடித்தால் இதழ்கள் பொடிப்பொடியாகப் பறக்கின்றன. எனக்கு ஒரு குறையுமில்லை. வேலைக்குப் போகாமல் நாலரை மணிக்கே விழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறேன், அது ஒன்றுதான்.

நீச்சலுடை வாங்கிவிட்டேன். சிரிக்காதே. கடைக்காரப் பெண் அளவைப் பார்த்துவிட்டு, மகளுக்கா என்று கேட்டாள். எனக்குத்தான் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏம்மா, என்னைப் பாத்தா கடல் வேணாம்னு சொல்லிடுமா?” என்று கேட்டேன். கருநீலம்தான் நல்லது, அழுக்குத் தெரியாது என்றாள். அழுக்கைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

இப்போது நான் போட்ட திட்டத்தைக் கேள். ஜூலை ஆறாம் தேதி நான் ஒசாகா வந்துவிடுகிறேன். ராத்திரி உன் வீட்டில் தங்கல். நீ குடித்தனம் போய் இருபத்து நாலு வருஷமாகிறது, உன் அடுப்படியை நான் பார்த்ததே இல்லை. சதாவோவுக்குப் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவருகிறேன், பிடிக்கும் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். மறுநாள் நாம் இருவரும் சேர்ந்து கிளம்பலாம். ரயிலடிக்கு நீ வரவேண்டாம், விலாசத்தை வைத்துக்கொண்டு நானே வந்துவிடுவேன்.

சரி என்று ஒரு வரி போடு. இல்லை, வேறேதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதையும் எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா

*

ஒசாகா
23 மே

அக்காவுக்கு,

இன்றைக்குச் சன்னலைத் திறக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

என்னால் வர முடியாது. மழைக்காலம் வருகிறது, பட்டறையில் தலைக்கு மேல் வேலை. அவர் விடமாட்டார். வீட்டிலும் தளம் பெயர்த்துப் போட்டிருக்கிறது, ஒருவர் படுக்க இடமில்லை. அதனால் ஒசாகாவுக்கு வராதே. பயணத்தையும் இந்த வருஷம் விட்டுவிடு அக்கா. அடுத்த வருஷம் பார்க்கலாம். பட்டியலை எனக்கு அனுப்பு, பதினாலு பேருக்கும் வேண்டியதை நானே வாங்கி உனக்கு அனுப்பி வைக்கிறேன். நீ போய்வந்ததாகவே சொல்லிக் கொடுத்துவிடு.

நீச்சலுடையைத் திருப்பிக் கொடுக்காதே. வைத்திரு.

ரீட்சுகோ

*

யோகொதே
4 ஜூன்

அன்பு ரீட்சுகோவுக்கு,

வயலெல்லாம் நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி தவளைச் சத்தத்தில் வானொலி கேட்கவில்லை. நான் சுகம். உன் கடிதத்தில் உன் சுகம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

போய்வராமலே போய்வந்ததாகச் சொல்லிப் பதினாலு பேரிடம் பொருளை நீட்டுகிற தைரியம் எனக்குக் கிடையாது. எனவே தனியாகப் போகிறேன். பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது. ஜூலை ஒன்பதாம் தேதி காலைக் கப்பலில் தீவில் இறங்குவேன். ஒசாகாவில் இறங்கமாட்டேன், பயப்படாதே.

உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். நீ சதாவோவோடு கிளம்பிய அன்று ரயிலடியில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. “போறவ போ. அழுதுக்கிட்டு மட்டும் திரும்பி வராத. அழுற ஆளுக்கு இந்த வீட்டுக் கதவு திறக்காது.” அந்த ஊர் சுற்றும் குடை வியாபாரியை எனக்குப் பிடிக்கவில்லை. நீ போவதும் பிடிக்கவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் அதைச் சொன்னேன். இருபத்து நாலு வருஷமாக உன் ஒரு கடிதத்திலும் ஒரு குறையும் இல்லை. தலைவலி என்றுகூட நீ எழுதியதில்லை. இவள் பாக்கியசாலி என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நான் சொன்ன சொல்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தப்பு என்னுடையது, ரீட்சுகோ. கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. நாக்குத்தான் மோசம்.

பட்டியல் பதினேழு ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கப்போகிறேன். என் சுவரில் ஒட்டியிருக்கிற தாளின் கடையில்.

அக்கா

*

மினாமியா கடை, மாடி அறை
சபானா, யோரோன் தீவு
17 ஜூன்

அக்கா,

சன்னலுக்கு வெளியே மழை. ஒரு மாதத்துக்கு மேலாகப் பெய்கிறது. இன்னும் பத்து நாளில் விட்டுவிடும். எதிர்வீட்டு மதில் மேல் செம்பருத்தி நனைந்துகொண்டிருக்கிறது. இதுதான் என் சன்னல். மூன்று வருஷமாக இதுதான்.

உறையின் பின்னால் இந்த விலாசத்தை எழுத ஒரு வாரம் ஆயிற்று. இதுவரை உனக்கு எழுதியதையெல்லாம் இன்னொரு உறைக்குள் வைத்து நொகாமியம்மாவுக்கு அனுப்புவேன், அவர் ஒசாகாவில் தபாலில் சேர்ப்பார். உன் கடிதங்களும் அவர் வழியாகத்தான் எனக்கு வரும். பாவம், அவர் இந்தத் தீவுக்கு வந்ததே இல்லை. கடலைக் கண்டாலே அவருக்குத் தலைசுற்றும்.

சதாவோ மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு பெண்ணோடு நகோயாவுக்குப் போய்விட்டார். பட்டறை அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. வெளிநாட்டுக் குடை மலிவாக வந்தபிறகு எங்கள் குடையை யாரும் சீந்தவில்லை. அவர் போன மறுநாள் யோகொதேவுக்குச் சீட்டு வாங்க ரயிலடி வரை போனேன். நான் அழுதுகொண்டிருந்தேன் அக்கா. அழுகை நிற்கட்டும், அப்புறம் ஏறலாம் என்று உட்கார்ந்தேன். நிற்கவில்லை. அங்கே சுவரில் இந்தத் தீவின் விளம்பரம் ஒட்டியிருந்தது, கோடைக்கு ஆள் வேண்டும் என்று. ஒரு கோடைக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன்.

கடைக்கார தாகேயம்மாவுக்கு எழுபது வயது. மத்தியானம் தூங்கி எழுந்ததும் என்னைத்தான் திட்டுவார், அதற்கப்புறம் முதல் கவளத்தை எனக்குத்தான் வைப்பார். நான் இங்கே பரிசுப்பொருள் கட்டிக் கொடுக்கிறேன், கணக்கு பார்க்கிறேன், தொப்பி விற்கிறேன். உன் சுவரில் இருக்கிற தாளை மடித்தது என் கைதான்.

ஒன்பதாம் தேதி நீ வருவதற்குள் எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். தாகேயம்மாவிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார், சொன்னேன். “உங்கக்கா பதினேழு பேருக்கு வாங்கப்போற நாளா பாத்து லீவா? போடி வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டார்.

நீ வரலாம். வரவேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான். நான் இங்கேதான் இருப்பேன்.

ரீட்சுகோ

*

யோகொதே
24 ஜூன், விரைவுத் தபால்

அன்பு ரீட்சுகோவுக்கு,

உன் ஒசாகாவில் இந்த வருஷம் செர்ரி இரண்டு தடவை பூத்தது. பிப்ரவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. ஏப்ரல் பூவை நான் நம்பவில்லை. பிப்ரவரிப் பூவை நம்பினேன். ஒரு பொய்க் கடிதத்துக்குள்ளும் அம்மா பழக்கியபடி உன் கை முதலில் சன்னலைத் திறந்துவிட்டது. அங்கே இருந்ததைத்தானே அது எழுதும்? சிவப்பாக, முழுப் பூவாக விழுகிற செர்ரி எந்த ஊரில் இருக்கிறது என்று நம் பள்ளி அறிவியல் வாத்தியாரிடம் கேட்டேன். தெற்குக் கோடித் தீவுகளில், ஜனவரிக் கடைசியிலேயே பூக்கும் என்றார். அப்போதே அடுப்படிக்குப் போய் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று கேட்பாய். கேட்டால் இன்னும் தூரமாகப் போய்விடுவாயோ என்ற பயம்தான். உன் வீட்டில் தங்குகிறேன் என்று எழுதியது, அப்போதாவது வாய்திறப்பாய் என்ற ஆசையில். அது நான் வைத்த கண்ணி. அதற்கும் என்னை மன்னித்துவிடு. நீ ரயிலடியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததைப் படித்த கையோடு எழுந்து நம் வீட்டு மாடிக்குப் போனேன்.

மாடி அறையைத் துடைத்து மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். நீ வந்தால் உன் அறை.

இந்தக் கடிதத்தில் பருவம் எழுதவில்லை, கவனித்தாயா? இன்னும் இரண்டு வாரத்தில் உன் சன்னலிலேயே நானும் பார்த்துக்கொள்கிறேன். லீவு போட்டு ஓடினாயானால் தாகேயம்மாவும் நானும் சேர்ந்து தேடுவோம்.

அக்கா

*

யோகொதே
22 ஜூலை

அன்பு ரீட்சுகோவுக்கு,

வெயில் கொளுத்துகிறது, ஆனால் உன் ஊர் வெயிலுக்கு இது உறைபோடக் காணாது. என் தோள்பட்டை இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. மற்றபடி சுகம். தாகேயம்மாவின் இருமல் நின்றதா?

தாழைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே கப்பல், ரயில், பஸ் எல்லாம் ஏறி வந்தேன். வழிநெடுக ஜனம் என்னையே பார்த்தது. பூசகர் சம்சாரம் வாங்கின கையோடு மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டாள். பதினேழு பேருக்கும் கொடுத்தாகிவிட்டது. சமையல்கூடத்துப் பெண்கள் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேர்த்தியாக யார் கட்டியது என்று கேட்டார்கள். “என் தங்கச்சி. அந்தத் தீவுல கடையில இருக்கா” என்றேன். அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊர் என்ன பேசுமோ என்று நானும் நீயும் பயந்தது ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

கப்பலிலிருந்து இறங்கியதும் அழுதது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நீ என் பையை வாங்கிக்கொண்டு, “அக்கா, அழுற ஆளுக்கு இங்க கதவு திறக்காது” என்று சொன்னாயே, அத்தனை ஜனத்துக்கு நடுவில்! உன்னை இரண்டு சாத்து சாத்தியிருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டதால் பிழைத்தாய்.

மணல்திட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடல் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை.

என்னோடு வந்துவிடு என்று கேட்டேன், மாட்டேன் என்றாய். அன்று சாயந்திரம் கடையில் நீ நாலு வாடிக்கையாளரை ஒரே நேரத்தில் சமாளித்துக்கொண்டு, தாகேயம்மாவுக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு எனக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை. நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்து வந்தேன். நீ அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறாய். இருந்தாலும் மெத்தையை மாதம் ஒருமுறை வெயிலில் போடுவேன், அதைத் தடுக்க உனக்கு உரிமையில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. அந்தச் செர்ரியை நான் இன்னும் பார்க்கவில்லை. இலையும் கிளையுமாகத்தான் நின்றது. இனி எனக்கு எழுதும்போது உன் சன்னலில் இருப்பதையே எழுது. மழையானால் மழை. அழுகையானால் அழுகை.

அக்கா

*

யோரோன் தீவு
30 ஜனவரி 1980
(அஞ்சலட்டை)

அக்கா,

சுகம் விசாரிப்பதெல்லாம் நேரில்.

செர்ரி பூத்துவிட்டது. வாசலைப் பெருக்காமல் வைத்திருக்கிறேன்.

ரீட்சுகோ